இது என்ன பறவை? வாசகர் கேள்வி – பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த படங்களுக்கும் கேள்விகளுக்கும் இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே பறவையைப் பலர் அனுப்பியிருந்தால் ஒருவருக்கு எழுதிய பதிலை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் களத்துப் புளியமரத்தில் உட்கார்ந்திருந்த பறவை இது. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பு, வாலில் பட்டை. நான் வல்லூறு என்கிறேன். என் மகன் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுக் குயில் என்கிறான். இவ்வளவு பெரிய நகம் உள்ளது எப்படிக் குயில் ஆகும்?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

மகன் சொன்னதே சரி. இது அக்காக்குயில். நகம் என்று நீங்கள் நினைத்தது காலுக்குக் கீழே இருக்கும் காய்ந்த புளியங்காய்க் காம்பு. படத்தைப் பெரிதாக்கினால் தெரியும்.

ஏமாந்ததில் தப்பே இல்லை. அக்காக்குயிலின் உருவம், நிறம், பறக்கும் விதம் எல்லாமே வல்லூறைப் போல அமைந்தவை. அது வந்து உட்கார்ந்தால் சின்னக் குருவிகள்கூடப் பதறிக் கத்தும். ஆகவே மார்பு வரியையும் வால் பட்டையையும் விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் அலகு. வல்லூறுக்கு அலகு குட்டை, முனை கொக்கியாக வளைந்திருக்கும், அடியில் மஞ்சள் தோல் மூடியிருக்கும். அக்காக்குயிலுக்கு அலகு மெல்லியது, முனையில் லேசாகத்தான் வளையும். அடுத்தது கால். வல்லூறின் மஞ்சள் கால் நீண்டு, கிளைக்கு மேல் எழும்பி நிற்கும். குயிலின் கால் குட்டை, பெரும்பாலும் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கும். தெரிந்தால் விரல்களை எண்ணுங்கள்: குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. மூன்றாவது கண். குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் பளிச்சென்று இருக்கும். வளர்ந்த ஆண் வல்லூறுக்கு விழியே சிவப்பு.

இரண்டிலும் இளம்பறவைகள் இன்னும் குழப்பும். இளம் வல்லூறுக்கு மார்பில் குறுக்கு வரி இருக்காது. வெள்ளையில் பழுப்புச் சொட்டுகள் மேலிருந்து கீழாக ஓடும், விழி மஞ்சளாக இருக்கும். இளம் அக்காக்குயிலுக்கும் மார்பில் கரும்புள்ளிகளும் கீற்றுகளும் உண்டு. பக்கத்தில் தவிட்டுக்குருவிகள் இருந்து அதற்கு இரை ஊட்டினால் யோசிக்க வேண்டியதில்லை, அது குயில். தவிட்டுக்குருவிக் கூட்டில்தான் அக்காக்குயில் முட்டையிடும்.

கோடையில் அதே மரத்திலிருந்து படிப்படியாக ஏறி உச்சத்தில் சட்டென்று நிற்கும் கூவல் கேட்டால், படமே தேவையில்லை.

என்னிடம் கேமரா இல்லை, மொபைல்தான். எப்படி எடுத்து அனுப்பினால் உங்களால் பெயர் சொல்ல முடியும்?
– பாப்பிரெட்டிப்பட்டி வாசகி

மொபைல் போதும். ஆனால் அழகான ஒரு படத்தைவிட அசிங்கமான பத்துப் படங்கள் எங்களுக்கு உதவும். பறவையைக் கண்டதும் இருக்கும் இடத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். கிட்டே போய் நல்ல படம் எடுக்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் வெறுங்கிளைதான் கிடைக்கும். பிறகு பத்தடி நகர்ந்து இன்னொன்று, இன்னும் பத்தடி போய் இன்னொன்று. பக்கவாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்: அலகின் நீளம், தலைக்கும் அலகுக்கும் உள்ள விகிதம், வாலின் நீளம் ஆகிய மூன்றும் பக்கவாட்டில்தான் தெரியும். முடிந்தால் வயிறு, வாலடி, கால். பறக்கும்போது ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, சிறகிலும் பிட்டத்திலும் உள்ள வெள்ளை அப்போதுதான் வெளியே வரும்.

ஜூமை உங்கள் மொபைலின் லென்ஸ் தரும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விரலால் இழுப்பது வெறும் வெட்டல்தான், அதைப் பிறகும் செய்யலாம். இதைவிட மோசமானது, மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள். அவை இல்லாத இறகு வரியை வரைந்துவிடும். எங்களுக்கு வரும் படங்களில் சிலவற்றில் கண்ணே இடம் மாறியிருக்கிறது! மங்கலாக இருந்தாலும் எடுத்தபடியே அனுப்புங்கள். வீட்டில் பைனாகுலர் இருந்தால் மொபைல் லென்ஸை அதன் கண்குழலில் ஒட்டிப் பிடித்து எடுக்கலாம். முதலில் கை நடுங்கும், பைனாகுலரைச் சுவரிலோ வண்டி ஹேண்டில்பாரிலோ சாய்த்துக்கொண்டால் சரியாகும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு, எடுத்த நாள், நேரம், இடம் பற்றிய தகவலும் அழிந்துவிடும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்து அனுப்பினால் மூலப் படம் அப்படியே வரும். கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: எந்த ஊர், ஏரிக்கரையா, மாந்தோப்பா, பாறைக்குன்றா, பறவை மைனாவைவிடப் பெரிதா சிறிதா, தரையில் நடந்ததா, தத்தியதா, கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்ததா. இந்த இரண்டு வரி இல்லாததால்தான் பாதிப் படங்களுக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. நாள் எழுத மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் வலசை வரும் பறவை நம் பக்கம் மே மாதத்தில் பெரும்பாலும் இருக்காது என்ற ஒரு செய்தியே பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுக்கும்போது ஒளி அளவை +1 அல்லது +1.5 ஏற்றுங்கள், இல்லையென்றால் எந்தப் பறவையும் கருங்காக்கைதான். வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது, இதற்கு மாறாக, −0.7 இறக்குங்கள், இல்லையென்றால் வெள்ளையில் எல்லாம் கரைந்துபோகும்.

ஒரே படத்தைச் செயலியில் மூன்று முறை போட்டேன். மூன்று விதமாகப் பெயர் வந்தது. நம்பலாமா?
– பாலக்கோடு கல்லூரி மாணவர்

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் மெர்லின் செயலியைத்தான் சொல்கிறீர்கள். இலவசம், நல்ல செயலி. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் செயலி அல்ல, அதற்கு நீங்கள் கொடுத்த இடமும் நாளும். இந்தப் படம் உங்கள் நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் இடத் தகவல் கிடையாது. ஒரு முறை இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள், ஒரு முறை பெங்களூரு, ஒரு முறை பாலக்கோடு. மெர்லின் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. அந்த ஊரில் அந்த மாதத்தில் எந்தப் பறவை எவ்வளவு காணப்படும் என்பதையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துகிறது.

இப்படிச் செய்யுங்கள். இந்தியப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். படத்தை ஏற்றியதும் விரலால் பெரிதாக்கி, பறவை கட்டத்தை நிரப்பும்படி வையுங்கள். நாளையும் இடத்தையும் சரிபாருங்கள். விடை வந்ததும் அங்கேயே நிற்காதீர்கள். அந்தப் பெயருக்குக் கீழ் இருக்கும் ஆண், பெண், இளம்பறவைப் படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடுங்கள். இரண்டாவதாக வந்த பெயரையும் திறந்து பாருங்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அந்தப் பெயரை எழுதுங்கள். முடியவில்லையா, இன்னும் அடையாளம் காணவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வெளிச்சம், இறகு உதிரும் பருவம், இளம்பறவை, பறக்கும் கழுகு வகைகள்: இந்த நான்கில்தான் செயலி அதிகம் தடுமாறும். மனிதர்களும் அதே நான்கில்தான் தடுமாறுகிறோம்.

மாந்தோப்பில் எடுத்தது. பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, சிவப்புக் கண். இணையத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அரிய பறவையா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பெண் குயில். தோப்பில் காலையில் கூவுகிறதே, அந்தக் கறுப்புக் குயிலின் துணை. அரிய பறவை என்று தலைப்பிட்டு வரும் படங்களில் இதுவே முதலிடம்.

பூஞ்செடிக்கு வரும் தேன்சிட்டுகளில் பெண் எது என்று பிரிக்க முடியவில்லை.
– ஊத்தங்கரை வாசகி

தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெண்சாம்பல், மார்பு மஞ்சள் என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரே மங்கிய மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டின் பெண். நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் மஞ்சள் மார்பின் நடுவே மேலிருந்து கீழாகக் கரும்பட்டை ஓடுகிறது. அது பெண் அல்ல. இனப்பெருக்கக் காலம் முடிந்து பளபளப்பை உதிர்த்துவிட்ட ஆண் ஊதாத் தேன்சிட்டு. அலகு கண்ணுக்கு உறுத்தும் அளவு நீண்டு வளைந்திருந்தால் நீளமூக்குத் தேன்சிட்டு, அதையும் மனதில் வையுங்கள்.

கெலவரப்பள்ளி அணையில் எடுத்த ஐந்து படங்கள். நான்கு வெள்ளைக் கொக்கு, ஒன்று பழுப்பு. நான்கும் ஒரே வகையா?
– ஓசூர் வாசகர்

அணை நுரைக்காகச் செய்தியில் அடிபடும் அளவுக்குப் பறவைக்காக அடிபடுவதில்லை. படங்களுக்கு நன்றி.

நான்கில் மூன்று வகை இருக்கின்றன. முதல் படம் சின்னக் கொக்கு: கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, காலைத் தூக்கும் நொடியில் எடுத்தது உங்கள் சாமர்த்தியம். இரண்டாவதும் நான்காவதும் உண்ணிக்கொக்கு. குட்டையான மஞ்சள் அலகு, தடித்த தாடை, கழுத்தைச் சுருக்கி நிற்கும் தோரணை. இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் முதுகிலும் ஆரஞ்சு ஏறும்.

மூன்றாவது படம்தான் விஷயம். பெரிய கொக்கா, இடைக்கொக்கா என்று கேட்டு அலகு மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். அலகின் நிறம் இங்கே உதவாது. இரண்டுக்கும் சாதாரண நாளில் மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பு. உயரமும் தனியாக நிற்கும் பறவையில் கணிக்க முடியாது. வாய்க்கோட்டைப் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடு முகத்துக்குள் ஓடுகிறதல்லவா, அது கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் இடைக்கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. உங்கள் படத்தில் தாண்டிப் போகிறது. பெரிய கொக்கு.

பழுப்புப் பறவையை மடையான் என்று எழுதியிருக்கிறீர்கள். மடையானுக்குக் கழுத்திலும் மார்பிலும் நெடுக்கு வரி உண்டு, சிறகில் புள்ளி கிடையாது, எழுந்து பறந்தால் சட்டென்று வெள்ளையாகிவிடும். இதன் சிறகில் நீர்ச்சொட்டு போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன, அலகும் தடிமன். இது வக்காவின் இளம்பறவை. வளர்ந்தால் தலையும் முதுகும் கறுப்பு, சிறகு சாம்பல் என்று ஆளே மாறிவிடும்.

மேலகிரியில் பாறைகளுக்கு நடுவே மஞ்சள் தொண்டையோடு ஒரு சின்னான் (புல்புல்). வெண்புருவச் சின்னான்தான், வெயிலில் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார் நண்பர்.
– பென்னாகரம் வாசகர்

நண்பரிடம் புருவத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெண்புருவச் சின்னானுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடும் அலகோரத்தில் மெல்லிய கருமீசையும் உண்டு. தொண்டை வெளிறியது. உங்கள் படத்தில் புருவமும் இல்லை, மீசையும் இல்லை. தொண்டை எலுமிச்சை மஞ்சள், அதற்குக் கீழே மார்பு சாம்பல், வாலடி மறுபடி மஞ்சள். இது மஞ்சள் தொண்டைச் சின்னான்.

வெயில் மஞ்சளாக்கியிருந்தால் பக்கத்துப் பாறையும் மஞ்சளாகியிருக்கும். படத்தில் வெள்ளையோ சாம்பலோ என்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்துத்தான் பறவையின் நிறத்தை எடைபோட வேண்டும். பாறை சாம்பலாகவே இருக்கிறது. தோப்பு நிழலில் எடுக்கும் படங்களில் இலையின் பச்சை பறவையின் வயிற்றில் விழுவதும் இதே கதை.

இந்தச் சின்னான் தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பாறைக்குன்றும் புதர்க்காடும் சேர்ந்த இடங்களில் மட்டும் வாழ்வதால் உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள பறவைகள் பட்டியலில் இருக்கிறது. குன்றைக் கல்லுக்காக உடைத்தால் இது போய் உட்கார வேறு இடம் இல்லை. உங்கள் படத்தை நாள், இடத்தோடு, பறவைப் பதிவுகளைத் தொகுக்கும் இபேர்ட் தளத்தில் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எல்லை காக்க வந்த பறவை கூட்டை விட்டு நிற்கும் நேரம் அது.

ரோஜாத் தோட்ட வேலியில் சின்னப் பழுப்புக் குருவி. பதினொரு படம் எடுத்தேன். பெயர் சொல்லுங்கள்.
– தளி வாசகர்

பதினொன்றையும் பார்த்தோம். கதிர்க்குருவி வகை, அதற்கு மேல் இந்தப் படங்களிலிருந்து சொல்ல மாட்டோம்.

கோபம் வரலாம், காரணம் கேளுங்கள். அக்டோபரில் உங்கள் வேலியில் வந்து உட்காரக்கூடிய வரியில்லாப் பழுப்புக் குருவிகளில் பிளித் நாணல் கதிர்க்குருவி உண்டு, பூட்டட் கதிர்க்குருவியும் உண்டு. இரண்டும் வலசை வருபவை. முதலாவதற்கு அலகு நீளம், கண்ணுக்கு முன்னால் மட்டும் வெளிர்புருவம், வால் நுனி வட்டம். இரண்டாவதற்கு அலகு குட்டை, புருவம் கண்ணைத் தாண்டும், வால் நுனி சதுரம், ஓர இறகுகள் வெளிறியவை. உங்கள் எல்லாப் படத்திலும் வால் இலைக்குப் பின்னால் இருக்கிறது, தலை முக்கால்வாசி நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது. நேர்முகத்தில் எந்த அலகும் குட்டையாகத்தான் தெரியும். புருவம் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது.

இந்தக் குருவிகளுக்குப் படத்தைவிடக் குரல் சாட்சி. புதருக்குள்ளிருந்து கூழாங்கல் இரண்டைத் தட்டுவது போல் ‘டக்… டக்…’ என்று விட்டு விட்டு வந்தால் பிளித்தை நினைக்கலாம். உயரமான மரத்தின் இலைகளுக்குள் ‘ச்சிவீ’ என்று இரட்டை அசையில் கூவி, சிறகில் மெல்லிய வெளிர்க்கோடு காட்டினால் அது வேறு ஆள், பச்சைக் கதிர்க்குருவி. மொபைலில் வீடியோவை ஓடவிட்டு முப்பது விநாடி வேலியை நோக்கிப் பிடியுங்கள். பறவை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

பதிவு செய்யும்போது ‘கதிர்க்குருவி, வகை தெரியவில்லை’ என்று எழுத இபேர்டில் தனி இடமே இருக்கிறது. தப்பான பெயரைவிட அது மேல்.

கிருஷ்ணகிரி அணை மேல் வட்டமிட்ட பருந்து. வானத்துக்கு எதிரே எடுத்ததால் நிறம் தெரியவில்லை.
– கிருஷ்ணகிரி வாசகர்

நிறம் தெரியாததே நல்லது, உருவம் மட்டும் மிஞ்சியது. வால் நுனி வட்டம். கரும்பருந்துக்கு வால் நடுவில் உள்வாங்கிப் பிளவுபட்டிருக்கும், முழுக்க விரித்தால் நேராகும், வட்டமாகாது. ஆகவே இது செம்பருந்து. படத்தின் நிழல் பகுதியை வெளிச்சமாக்கிப் பார்த்தோம்: தலை வெள்ளை இல்லை, உடம்பு பழுப்பு, சிறகின் அடியில் விரலிறகு தொடங்கும் இடத்தில் வெளிர்த்திட்டு. இன்னும் கருடன் நிறம் வராத இளம்பறவை.

பழைய கட்டடத்தின் பரணில் வெள்ளைப் பஞ்சு போல, இதய வடிவ முகத்தோடு மூன்று உருவங்கள். ஊரில் பயப்படுகிறார்கள். கிட்டே போய் இன்னும் தெளிவாக எடுக்கவா?
– அரூர் வாசகர்

வேண்டாம். கூகைக் குஞ்சுகள். இந்த முகத்தோடு கட்டடப் பரணில் குடியிருப்பது நம் பக்கத்தில் கூகைதான், இன்னொரு படம் தேவையில்லை. சுமார் இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அதுவரை பரண் வாசலை அடைக்காதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கிட்டே போனால் பின்வாங்கும் குஞ்சு பரணிலிருந்து விழுந்துவிடும். குடும்பத்துக்கு இரவெல்லாம் எலிதான் சாப்பாடு, ஊர்க்காரர்களிடம் அதைச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூடு, குஞ்சுப் படங்களை இந்தப் பகுதியில் வெளியிடுவதில்லை. இடத்தையும் நீங்கள் யாரோடும் பகிர வேண்டாம்.

வெள்ளைக் காகம். புது வகையா?
– போச்சம்பள்ளி வாசகர்

வீட்டுக் காகமேதான். இறகில் கறுப்பு நிறமி குறைந்து பிறந்தது. படத்தில் விழி கறுப்பாக இருக்கிறது, எனவே முழு நிறமியின்மை அல்ல. அதில் விழி இளஞ்சிவப்பாக இருக்கும். மைனாவிலும் சின்னானிலும்கூட இப்படி வரும். நிறம் போய்விட்டால் அலகு, உருவம், கூட வந்த கூட்டம் இவற்றைப் பாருங்கள்.

மாடிக் கம்பியில் மஞ்சள் பச்சைக் குட்டிக் கிளி, கன்னத்தில் நீலப் புள்ளி. கிட்டே போனாலும் பறக்கவில்லை.
– தர்மபுரி வாசகி

பட்ஜி. லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கும் ஆஸ்திரேலியக் கிளி, யாரோ வீட்டுக் கூண்டிலிருந்து தப்பியது. தினையும் தண்ணீரும் வைத்துவிட்டுத் தெருவில் விசாரியுங்கள்.